ஒத்தையடிப் பாதையின் கோப்பு

கொஞ்ச நாள் முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. டெல்லிப் பக்கம் ஏதோ ஓர் ஆலோசனை நிறுவனம். கேரளத்தின் அட்டப்பாடி மலைத்தடங்களைப் பற்றி நானும் என் மாணவர்களும் எழுதிய கட்டுரையைப் படித்தார்களாம், மிகவும் பயனுள்ளதாம். ஆனால் அதில் இருக்கும் படம் போதாது. மூல ஜிபிஎஸ் டிராக்குகளும் (நடந்த வழியைக் கருவி புள்ளி புள்ளியாகப் பதிந்தது) ஷேப் ஃபைலும் (வரைபடத்தின் கணினிக் கோப்பு) வேண்டும், தக்க சன்மானம் உண்டு. யாருக்காக என்று கேட்டேன். வாடிக்கையாளர் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. சரி, தரும் வழக்கம் எனக்கும் இல்லை என்று எழுதிவிட்டேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். சித்தூர் தாலுகாவில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழ், கல்லூரியில் மலையாளம். ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடிக்குள் போனால் இருளர் பேச்சு பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. சுனைக்கும் தேனுக்கும் கிழங்குக்கும் மேய்ச்சலுக்கும் ஊர்க்காரர்கள் நடக்கும் தடங்களைக் குறித்து வைத்தால், 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கேட்கும்போது கையில் ஓர் ஆதாரம் இருக்கும். நோக்கம் அவ்வளவுதான்.

டிராக்கைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் நடக்கும்போது புள்ளிகள் வரிசையாக விழும். உட்கார்ந்துவிட்டால் கருவி சும்மா இருக்காது. சிக்னல் அப்படி இப்படி அலைவதால் அதே இடத்தைச் சுற்றிப் புள்ளிகள் மொய்த்து ஒரு முடிச்சு விழும். முடிச்சு விழுந்த இடத்தில் நிழல் இருக்கும், பெரும்பாலும் தண்ணீர் இருக்கும், சில இடங்களில் ராத்தங்க ஒரு பாறை இடுக்கும் இருக்கும். தேனெடுக்கப் போகிறவருக்கு அது மூச்சு வாங்கும் இடம். துப்பாக்கியோடு ஆள் தேடிப் போகிறவருக்கு அது பதுங்கிக் காத்திருக்க வேண்டிய இடம். 2019 அக்டோபர் கடைசியில் இதே அட்டப்பாடியில், மஞ்சக்கண்டிக் காட்டில், கேரளக் காவல்துறையின் தண்டர்போல்ட் கமாண்டோ படை நான்கு மாவோயிஸ்டுகளைச் சுட்டுக் கொன்றது. மோதலா, போலி மோதலா என்று கேரளமே அடித்துக்கொண்டது. அந்தத் தகராறுக்குள் நான் போகவில்லை. அந்தக் காட்டில் என்னிடம் இருப்பது போன்ற ஒரு கோப்புக்கு என்ன விலை இருக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

புவியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மெக்சிகோ நினைவுக்கு வரும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹெர்லிஹி, ஜெரோம் டாப்சன் ஆகியோர், அமெரிக்கப் புவியியல் கழகத்தின் ஆதரவோடு, வாஹாகா மலைகளில் சபோடெக் பழங்குடி ஊர்களின் நிலத்தை வரைந்தார்கள். ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து, அவர்கள் கையாலேயே வரையவைக்கும் முறை. ஹெர்லிஹி இதில் கத்துக்குட்டி அல்ல. அதற்கு முன்பே மத்திய அமெரிக்காவில் பழங்குடிகளோடு இப்படி வேலை செய்தவர். பணம் வந்த வழிதான் வேறு. சுமார் 5 லட்சம் டாலர், கான்சாஸின் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தின் வெளிநாட்டு ராணுவ ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்தது. 2009 ஜனவரியில் அந்த மலை ஊர்களின் கூட்டமைப்பு ஒன்று, இதை எங்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை, இது புவியியல் கொள்ளை என்று அறிக்கை விட்டது. நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்றது ஆய்வுக்குழு. உலகம் முழுக்க எங்கள் துறை இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

டாப்சன் தரப்பு வாதத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. மற்ற நாடுகளைப் பற்றிய அறியாமையால்தான் அமெரிக்கா தப்பான போர்களில் இறங்குகிறது, புவியியலாளர் போய்க் கற்றுக்கொடுத்தால் அது குறையும் என்றார்கள். இந்த ஆய்வுப் பயணங்களுக்கு வைத்தது ஐசாயா போமன் என்ற புவியியலாளரின் பெயர். 1919 பாரிஸ் மாநாட்டில் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எல்லைக்கோடுகள் பற்றி ஆலோசனை சொன்னவர். அறிவு கூடினால் படை வராது என்று மெட்ராஸ் மாகாணத்தில் பிறந்து வளர்ந்த நில அளவையின் வரலாற்றைப் படித்தவன் நம்ப மாட்டான். வில்லியம் லாம்டன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்துச் சண்டை போட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1799இல் திப்பு வீழ்ந்ததும், பிடித்த நாட்டை அளக்க வேண்டும் என்று கிளம்பியவர், 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு) அளந்தார். திருவிதாங்கூரில் ஆங்கிலேயரை எதிர்த்த திவான் வேலுத்தம்பியின் கலகம் அடங்கிய சில வருஷத்தில், 1816இலிருந்து 1820 வரை, வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். அருமையான வேலை, இன்றும் நான் வகுப்பில் காட்டுகிறேன். ஆனால் படை முன்னே, அளவுச் சங்கிலி பின்னே.

மறுபக்கமும் உண்டு. 1972இல் வியட்நாமின் செவ்வாற்று அணைக்கரைகள் மேல் விழுந்த குண்டுகளை ஒரு படத்தில் குறித்து, எங்கே உடைந்தால் அதிக ஊர்கள் மூழ்குமோ அங்கேதான் விழுந்திருக்கின்றன என்று காட்டியவர் இவ் லாகோஸ்ட் என்ற பிரெஞ்சு புவியியலாளர். எங்கே குண்டு போடலாம் என்று சொல்வதற்கும் அதே படிப்புதான் வேண்டும். (இதைச் சொன்னால் மாணவர்கள் உடனே தேர்வுக்கு வருமா என்று கேட்பார்கள்.)

கூகுள் எர்த்தில் எல்லாம் இருக்கே சார், நீங்க ஒளிச்சு என்ன ஆகப் போகுது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எல்லாம் இல்லை. அடர்ந்த மரக்கிளைகளுக்குக் கீழே போகும் ஒத்தையடிப் பாதை செயற்கைக்கோளுக்குத் தெரியாது. எந்தப் பாதை எந்த மாதத்தில் நடமாட்டத்தில் இருக்கும், யார் போவார்கள் என்பது சுத்தமாகத் தெரியாது. கூடவே நடந்தவருக்குத்தான் தெரியும். எங்களைக் கூடவே நடக்கவிட்டது ஊர்.

விடுவதற்கு முன் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவரான மூப்பன், மற்ற ஊர்ப் பொறுப்பாளர்களான வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் எல்லோரும் இருந்தார்கள். நான் படம், சட்டம், உரிமை என்று விளக்கிக்கொண்டே போனேன். மூப்பனின் மனைவி நடுவில் மறித்து, "சாரே, உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?" என்றார். கல்லூரி என்றேன். "கல்லூரிக்கு?" சர்க்கார் என்றேன். "அப்போ வனத்துறைக்கும் அதே சர்க்கார்தானே" என்று சொல்லிவிட்டு ராகி புடைக்கப் போய்விட்டார். எங்கள் கல்லூரியின் ஒப்புதல் படிவத்தில் இந்தக் கேள்வி கிடையாது. உடலுக்கு ஊறு வருமா, பெயர் வெளியே வருமா என்றெல்லாம் கேட்கும். பாதைக்கு என்ன ஆகும், பணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்காது.

அன்றைக்கு முடிவானதுதான் இன்றைய ஏற்பாடு. மூல டிராக்குகள் ஊரிடம், ஒரு ஹார்டு டிஸ்க்கில். என்னிடம் ஒரு நகல், இணையத்தோடு இணைக்காத கணினியில். கட்டுரையில் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்த படம் மட்டும். சுனைக்குப் புள்ளி கிடையாது.

இதில் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஊரில் பட்டப்படிப்பு முடித்த ஒரு பையன் என்னோடு கடுமையாகச் சண்டை போடுகிறான். ஒளித்து வைத்தால், இங்கே பாதையே இல்லை, இது வெறும் காடு என்று ரேஞ்சர் எழுதுவார், நாங்கள் எதைக் காட்டுவது என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2022 டிசம்பரில் தாங்கல் மண்டலத்துக்காக (காப்புக்காடுகளைச் சுற்றி விடும் பஃபர் ஜோன்) கேரள அரசு வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வில் எத்தனையோ வீடுகள் விடுபட்டு, மலையோர மக்கள் தெருவுக்கு வந்தது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் இல்லாதவன் நிலத்திலும் இல்லை என்ற நிலைமை. என் பதில், உரிமைக் குழுவின் முன்னால் முழுப் படத்தையும் விரியுங்கள், உலகத்துக்கு விரிக்க வேண்டாம் என்பது. குழுவில் இருக்கிற அதிகாரி படத்தைப் போனில் போட்டோ எடுத்தால் என்ன செய்வீங்க சாரே என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே அடுத்த கட்டுரையை அனுப்பியிருக்கும் ஆய்விதழ், தரவு முழுவதையும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால்தான் அச்சாகும் என்கிறது. திறந்த அறிவியலாம். ஊர்க்கூட்டத்தைக் கேட்காமல் ஏற்ற முடியாது, கூட்டம் அறுவடை முடிந்துதான் கூடும் என்று எழுதியிருக்கிறேன். காலக்கெடுவை நீட்ட வழியில்லை என்று பதில் வந்தால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.