பழம் கிடைக்காதவன் சந்நிதியில்

எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தபோது பழநிக்கு மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அதை 41 வயதில்தான் செலுத்தினேன். 2023 ஜனவரி குடமுழுக்குக்காவது கூட்டிப்போ என்று கேட்டாள். வழக்குக்குத் தேதி இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். சென்ற ஆண்டு அவள் கண்ணை மூடிவிட்டாள்.

வழக்கு, அப்பா கட்டிய வீட்டுக்காக. எதிர்த்தரப்பு என் அண்ணன். நான்கு ஆண்டுகளாக அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

அம்மாவின் கடனைத் தீர்க்கத்தான் கிளம்பினேன். ஆனால் வழியெல்லாம் மனம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டே வந்தது. அண்ணனிடம் பழத்தைப் பறிகொடுத்துவிட்டு மலையேறியவன் அல்லவா முருகன்? தம்பியின் வலி அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மாலைச் சாயரட்சைப் பூஜையில் ராஜ அலங்காரத்தில் நிற்கும்போது கேட்டுவிட வேண்டும், ராஜாவாக இருக்கும் நேரத்தில் இல்லை என்று சொல்ல மாட்டான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இரண்டரை மணி நேரம் சாலையோரத்தில் காத்துக் கிடந்தோம். பழநியில் இறங்கியபோது மலைமேல் விளக்குகள் மட்டும் தெரிந்தன, நடை சாத்தியாயிற்று. அந்த நேரத்திலும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, மொட்டைக்கு ஏற்பாடு, வரிசையில் நிற்காமல் தரிசனம் என்று பையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் மிரண்டே போய்விட்டாள். நேர்த்திக்கடனோடு வருகிறவர்களிடம் இப்படிப் பணம் பறிப்பதை முருகன் எப்படித்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறானோ. சத்திரத்துத் திண்ணையில் கொசுக்கடியோடு இரவு கழிந்தது.

விடியுமுன் முடி இறக்கி, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அடிவாரத்துத் திருஆவினன்குடிக் கோயிலில் மயில்மேல் அமர்ந்த குழந்தையைக் கும்பிட்டேன். கைபேசியை அடிவாரத்திலேயே ஒப்படைத்தாயிற்று. வக்கீலிடமிருந்து செய்தி வருமா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தடவிப் பார்க்கும் கை அன்று வெறுமனே தொங்கியது. 600-க்கும் மேற்பட்ட படிகள். இடும்பன் சந்நிதியில் மூச்சு வாங்க நின்றேன். இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்தவன் இங்கேதான் இறக்கிவைத்தான். எனக்கு மட்டும் எதையும் இறக்கிவைக்கத் தோன்றவில்லை. மேலே போய்க் கேட்க வேண்டியதை மறுபடி ஒருமுறை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கிருத்திகைக் கூட்டம். வரிசைக் கம்பிகளுக்குள் நெருக்கித் தள்ளினார்கள். ஒருவர் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. இந்த நெரிசலில் ஒரு கணமாவது கிடைக்குமா என்ற ஏக்கத்தோடு நகர்ந்தபோது காலை விளா பூஜை. திரை விலகியது.

ராஜா இல்லை. சாது சந்நியாசிக் கோலம். வலக்கையில் தண்டம், இடக்கை இடுப்பில். தீபம் மேலேறியபோது அந்த முகம் தெரிந்தது, முருகா! நான் சொல்ல வைத்திருந்தது ஒரு வார்த்தைகூட நினைவில் வரவில்லை. நீயும் பழத்தைத் திரும்பக் கேட்கவே இல்லையே அப்பா என்று மட்டும் தோன்றியது. அம்மையும் அப்பனும் தேடிவந்து, பழமே நீதான் என்று சொன்ன பிறகும் இவன் மலையை விட்டு இறங்கவில்லை. ஒன்றும் இல்லாமல் நிற்கிறான். அவன் முன்னால் வீடு வேண்டும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. "அம்மா கடனைக் கொண்டுவந்துவிட்டேன்" என்றேன், சத்தமாகவே. கண்ணிலிருந்து வழிந்தது சந்தனத்தோடு கலந்து கன்னத்தில் இறங்கியது. நகருங்கள், நகருங்கள் என்று முதுகில் கை விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, சில நொடிகள்தான் இருக்கும். போதும் சுவாமி, எனக்கு அது போதும்.

பிராகாரம் சுற்றி, சித்தர் போகர் சந்நிதியில் உட்கார்ந்தேன். நான்கு ஆண்டுகளாக நெஞ்சில் ஓயாமல் நடந்த வாதம் நின்றுபோயிருந்தது. இந்த அமைதியைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்காததைக் கொடுத்தானே என் அப்பன், அவனுக்கு நான் என்ன செய்துவிட முடியும்?

பஞ்சாமிர்தம் இரண்டு டப்பா வாங்கினேன். ஒருவருக்குத்தான் என்றிருந்த பழத்துக்காக வந்து நின்றவன் பிரசாதத்தில், வாழைப்பழத்தைப் பிசைந்து எல்லாருக்கும் வழித்துக் கொடுக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணி ஒரு கணம் திகைத்து, "உள்ளே வாருங்கள் தம்பி" என்றார். அண்ணன் எழுந்து வந்து என் தலையைப் பார்த்தார்.

"அம்மா வேண்டிக்கொண்டதா?"

"ஆமாம் அண்ணா."

வழக்கு இன்னும் முடியவில்லை. அண்ணன் டப்பாவை வாங்கி அம்மா படத்துக்கு முன்னால் வைத்து, தன் கையாலேயே திறந்தார்.