சீமந்தத்துக்கும் 45-ஆம் நாள் ஊசிக்கும் நடுவே ஒரு சைக்காலஜிஸ்டைத் தேடி

"மனநலமா? அது பின்னாடி பில்டிங். இது கர்ப்பிணி வரிசை, நகருங்க." ஓ.பி. சீட்டு ஜன்னலில் இருந்தவர் சொன்னது வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. பின்னாடி பில்டிங்கில், "மகப்பேறு டாக்டர் லெட்டர் இல்லாம கர்ப்பிணியைப் பார்க்க மாட்டாங்கம்மா." லெட்டர் வாங்கத் திரும்பி வந்தபோது மகப்பேறு ஓ.பி. முடிந்துவிட்டது. ஆறு மாத வயிற்றோடு தங்கைக்கு அரை நாள் வீண். அதன்பின் பிரசவம், குழந்தை, ஊர் மாற்றம் என்று பத்து மாதம் கூடவே அலைந்தேன். எங்கள் வீட்டுக் கதையால் யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடினால் எந்த இடத்தில் மாட்டும், கையில் என்ன இருந்தால் நகரும் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த லெட்டர். "மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதை வைத்து ஒன்றும் நடக்காது. எத்தனை வாரக் கர்ப்பம், எத்தனையாவது பிரசவம், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு முடிவு, இரும்புச்சத்து, கால்சியம் உட்பட இப்போது சாப்பிடும் மாத்திரைகள், முன்பு எப்போதாவது மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா என எல்லாம் அதில் இருக்க வேண்டும். டாக்டருக்கு எழுத நேரம் இருக்காது. நாமே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினால், பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். தைராய்டு ரிப்போர்ட்டை விட்டுவிடாதீர்கள். சோர்வு, அழுகை, தூக்கமின்மை எல்லாம் தைராய்டாலும் ரத்தசோகையாலும் வரும் என்பதால் மனநல டாக்டர் கேட்கும் முதல் தாளே அதுதான். எங்களிடம் இல்லை. அதற்காகத் தனியாக இன்னொரு நடை.

அடுத்தது கேள்வித்தாள். கர்ப்ப கால, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படும் எடின்பரோ கேள்வித்தாள் 1987-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பெரும்பாலும் 13-ஐ எல்லையாக வைக்கிறார்கள், சில இடங்களில் 10. இது வடிகட்டுவதற்கான தாள், நோயை முடிவு செய்வது டாக்டர் பேசிப் பார்த்த பிறகுதான்.

அதை அவரவரே தனியாகப் படித்து நிரப்ப வேண்டும். அங்கே நடந்தது வேறு. நர்ஸ் சத்தமாகப் படிக்கிறார், பக்கத்து நாற்காலியில் தங்கையின் மாமியார். "காரணமில்லாம பதற்றமா இருக்கா?" தங்கை வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கு என்ன பதற்றம், நல்லாத்தான் சாப்பிடுறா, தூங்குறா" என்றார் அத்தை. நர்ஸ் பூஜ்யத்தைச் சுழித்தார். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதையும் அதே குரலில், அதே ஆள் முன்னால் கேட்டார். மொத்தம் 4 மதிப்பெண், "நார்மல்" என்று சீட்டு. இரண்டு வாரம் கழித்து, தனி அறையில் அவளே நிரப்பியபோது 17.

ஆகவே தாளைக் கையில் வாங்கி, "நானே எழுதித் தர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிடுங்கள். கூட வந்தவர்களை மருந்து வாங்கவோ டீ குடிக்கவோ அனுப்பிவிடுங்கள். மொத்தம் குறைவாக வந்தாலும் பத்தாவது கேள்விக்கு 0 தவிர எது விழுந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும், "அடுத்த விசிட்ல பார்க்கலாம்" என்பதை ஏற்காதீர்கள். 3, 4, 5-ஆம் கேள்விகள் பதற்றத்தைப் பார்ப்பவை. மொத்த மதிப்பெண் எல்லைக்குக் கீழே இருந்து இந்த மூன்றில் மட்டும் கூடுதலாக வந்தால் அதையும் எடுத்துச் சொல்லுங்கள். கணவன்மாருக்கும் இந்த மனச்சோர்வு வரும், அவர்களுக்கும் இதே தாளைக் கொடுக்கலாம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

யாரிடம் போவது? சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ்.க்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுச் சிகிச்சை தருபவர். பெரும்பாலும் எம்.ஃபில். முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண் கேட்டால் தயங்காமல் தருவார், இணையத்தில் சரிபார்க்கலாம். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் "எங்க கவுன்சலர் இருக்காங்க" என்று அனுப்பிவைத்தார்கள். அந்த அம்மா 20 நிமிடம் நல்ல எண்ணங்களைப் பற்றிப் பேசி, ஒரு ஸ்லோகப் புத்தகம் கொடுத்து, 800 ரூபாய்க்கு ரசீது போட்டார். கெட்டவர் இல்லை. படித்தது மனிதவள மேலாண்மை.

சரியானவரைக் கண்டுபிடிக்கப் போனிலேயே மூன்று கேள்விகள் போதும். பிரசவ காலத்து மனச்சோர்வுக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்? சி.பி.டி. என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சையையோ, உறவுகளை மையமாக வைத்த ஐ.பி.டி.யையோ சொன்னால் சரி, இந்த இரண்டுக்கும்தான் நல்ல ஆதாரம் உண்டு. எத்தனை அமர்வு? வாரம் ஒன்றாக 8 முதல் 16 வரை என்பது வழக்கம், "ஒரே சிட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்றால் போனை வையுங்கள். மருந்து தேவைப்பட்டால் எந்த சைக்கியாட்ரிஸ்டுக்கு அனுப்புவீர்கள்? இதற்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அரசுப் பக்கம் போனால் செலவில்லை, கிழமைதான் சிக்கல். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தலைமை மருத்துவமனையில் இருப்பார், தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வருவார். இது தெரியாமல் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய், "டாக்டர் நேத்துதான் வந்துட்டுப் போனார்" என்று கேட்டுத் திரும்பினோம். 14416-க்குப் போன் செய்து கேட்டிருந்தால் அந்த நடை மிச்சம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மேலே இணைப்பார். மனம் விட்டுப் பேச மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை யார் என்று கேட்பதற்கும் அது உதவுகிறது. கிராமமாக இருந்தால் சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கும் இந்தக் கிழமைக் கணக்கு தெரியும்.

மாத்திரையில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பரவலாகத் தரப்படும் மனச்சோர்வு மருந்து செர்ட்ரலின். எழுதிக் கொடுத்தவர் சைக்கியாட்ரிஸ்ட். ஆனால் மெடிக்கல் ஷாப் பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "கர்ப்பிணிக்கு இதெல்லாம் கூடாதேக்கா" என்றான். அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை பீரோவுக்குள் போய்விட்டது. இதற்கு ஒரு வழி உண்டு. சைக்கியாட்ரிஸ்ட் எழுதிய அதே சீட்டில் மகப்பேறு டாக்டரிடம் "தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு கையெழுத்தைப் பார்த்தால் கடைக்காரரும் பேசமாட்டார், மாமியாரும் பேசமாட்டார். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். பத்தாவது நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே வலிப்புக்கோ மனநிலை மாற்றத்துக்கோ வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்கள் விஷயம் வேறு. அது கருவைப் பாதிக்கக்கூடியது, கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். தெரிந்த அன்றைக்குத் தானாக நிறுத்துவதும் ஆபத்து.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்கு வருகிறாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்பிப் போகிறாள். அதாவது சிகிச்சை இரண்டு முறை அறுந்துபோகிறது. அதுவும் மனம் மிகவும் தளரக்கூடிய மாதங்களில். வளையல் அடுக்கும் தேதி குறித்த அன்றைக்கே அதுவரை பார்த்த டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு, தொடங்கிய தேதி, எடின்பரோ மதிப்பெண்கள், முடிந்த அமர்வுகளின் எண்ணிக்கை இருந்தால் போதும். தர மறுத்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது என்று மெதுவாகச் சொல்லுங்கள். கோபமாகச் சொன்னால் வேலை நடக்காது, பார்த்துவிட்டேன். முடிந்தால் அதே சைக்காலஜிஸ்டிடம் வீடியோவில் தொடர்வதே நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வீடியோ என்றால் இடம் வேண்டும். பிரசவ வீட்டில் தனி அறை என்பது பேச்சுக்குத்தான். பத்தியச் சாப்பாட்டோடு ஒருவர், குழந்தையைப் பார்க்க ஒருவர் என்று கதவு திறந்துகொண்டே இருக்கும். மொட்டைமாடிப் படிக்கட்டும் இயர்போனும் எங்களைக் காப்பாற்றின. பால் கொடுத்து முடித்த பத்தாவது நிமிடம் தொடங்கினால் 50 நிமிட அமர்வு பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும். நேரில் போக வேண்டியதை 45-ஆம் நாள் தடுப்பூசியோடு சேர்த்து வையுங்கள். குழந்தைக்கு ஊசி என்றால் வீட்டில் யாரும் எங்கே, எதற்கு என்று கேட்பதில்லை.

பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். தாண்டினால் டாக்டர். ஆனால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லாமலும் களைப்பில்லாமல் இருப்பது, குழப்பமான பேச்சு, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது போன்ற நம்பிக்கைகள், காதில் குரல்கள். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோய் இது. 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில். காத்து கருப்பு என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். மகப்பேறும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாகக் கேளுங்கள், ஏனென்றால் காய்ச்சல், கிருமித்தொற்று, ரத்த அழுத்தம் எல்லாம் உடனே பார்க்க வேண்டும். தாயையோ குழந்தையையோ அதுவரை தனியே விடக்கூடாது.

அட்மிஷன் என்றதும் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்தே பலர் போவதில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று அதே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது, குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டும் விலக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அந்த 21-ஆம் பிரிவில்தான் வருகிறது. ஆனால் வாராந்தர ஓ.பி. அமர்வுக் கட்டணத்தைப் பல பாலிசிகள் தருவதில்லை. எங்களுக்கும் தரவில்லை.

தங்கை ஐந்தாம் மாதம் ஊர் திரும்பிவிட்டாள். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டும் என்று எழுதிய சீட்டு, இரண்டு கையெழுத்தோடு, குழந்தையின் தடுப்பூசி அட்டை உறைக்குள் இருக்கிறது. போன வாரம் அதே ஓ.பி. ஜன்னல், அதே ஆள். தாளை நீட்டியதும் ஒன்றும் கேட்காமல் சீட்டு போட்டுக் கொடுத்தாராம்.