கிரிஸ்டாவின் ஊரில் ஒரு பனிக்காலம்

ஜனவரி 9, 2022, ஞாயிறு

கர்லிங் கிளப் மூடி இன்றோடு ஐந்து நாள். ஒமிக்ரான் பரவுகிறது என்று ஒன்டாரியோ மாகாணம் முழுக்க உள்ளரங்க விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் கனடாவின் பெண்கள் கர்லிங் சாம்பியன்ஷிப் எங்கள் தண்டர் பேக்கு வருகிறது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லையாம்.

கர்லிங் என்றால், பனித்தளத்தில் கல்லை வழுக்கவிட்டு எதிர்ப்பக்கத்து வட்டத்தின் நடுவுக்குக் கிட்டே நிறுத்தும் ஆட்டம். அக்டோபரில்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு கல் கிட்டத்தட்ட 20 கிலோ. அதைத் தூக்கி எறிவதில்லை. ரப்பர் பிடிமானத்தில் வலது காலை ஊன்றி உந்தி, இடது காலில் வழுக்கிக்கொண்டே போய், கைப்பிடியை லேசாகத் திருப்பி விடவேண்டும். விடுகிற கணத்தில் விரல் ஒரு பொட்டு தள்ளிவிட்டாலும் போச்சு, கல் வேறு எங்கோ போய் நிற்கும். தளமும் கண்ணாடி மாதிரி இருக்காது. தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறையவிடுவார்கள். தடவிப் பார்த்தால் புல்லரித்த தோல் மாதிரி இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடினால் அந்தப் புள்ளிகள் துளி சூடாகி, கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும்.

ஜனவரி 16, ஞாயிறு

வெளியே காலெடுத்து வைக்க முடியாத குளிர். உட்கார்ந்து, எங்கள் வட ஒன்டாரியோ அணியின் தலைவி கிரிஸ்டா மெக்கார்வில்லின் பழைய ஆட்டங்களைப் பார்த்தேன்.

அவர் இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. 2006இல் கிரிஸ்டா ஷார்ஃப் என்ற பெயரில் தேசியப் போட்டிக்குப் போனபோது, ஒன்டாரியோவின் அணியாகத்தான் போக முடிந்தது. வட ஒன்டாரியோ ஆண்களுக்குத் தேசியப் போட்டியில் 1927 முதல் தனி இடம் உண்டு. பெண்களுக்கு 2015இல்தான் கிடைத்தது! அதுவரை வடக்கத்திப் பெண்கள், தெற்கில் இருக்கும் பெரிய நகரங்களின் அணிகளையெல்லாம் ஜெயித்துத்தான் வெளியே வரவேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எத்தனை பேர் வெளியே தெரியாமலே ஓய்ந்துபோயிருப்பார்கள்?

தனி இடம் வந்த மறுவருடமே, 2016இல், கிராண்ட் பிரெய்ரியில் அவர் அணி இறுதி ஆட்டம் வரை போனது. ஆல்பர்ட்டாவின் செல்சி கேரியிடம் 7-6 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி.

ஜனவரி 28, வெள்ளி

போட்டி தொடங்கிவிட்டது. ஃபோர்ட் வில்லியம் கார்டன்ஸ் இங்கிருந்து பத்து நிமிடம், ஆனால் நான் பார்ப்பது டிவியில்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனில் பேசினேன். எழுபதைத் தாண்டியவர், எனக்குக் கல் விடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். 1988, 89 என்று இரண்டு வருடம் தொடர்ந்து கனடா பட்டத்தை வென்றவர் தண்டர் பேயின் ஹெதர் ஹூஸ்டன். 89இல் உலகப் பட்டமும் அவருக்கே. அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரலே மாறிவிட்டது. கிரிஸ்டாவின் பயிற்சியாளர் ரிக் லாங்கும் ஆல் ஹாக்னர் அணியில் 1982, 1985 உலகப் பட்டங்களை வென்றவர்தான். அத்தனை பேரும் இந்த ஊர்.

அணியில் கெண்ட்ரா லில்லி மட்டும் சட்பரிக்காரர். இங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். ஒன்றாகப் பயிற்சி எடுப்பதற்கே இவ்வளவு தூரம். அதோடு வேலை, வீடு. இப்படி இருந்தும் நவம்பரில் சாஸ்கடூனில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை வந்தார்களே!

பிப்ரவரி 6, ஞாயிறு

இறுதி ஆட்டம். எதிரே கேரி ஐனர்சன், ஏற்கெனவே இரண்டு முறை தொடர்ந்து வென்றவர். மதியத்திலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

9-6. ஐனர்சனுக்கு மூன்றாவது பட்டம்.

ரொம்ப நேரம் டிவியை அணைக்கவே தோன்றவில்லை. ஊருக்கு வந்து நாலு மாதம்கூட முழுதாக ஓடவில்லை, எனக்கே தொண்டை அடைக்கிறது. சொந்த ஊரிலேயே, கோப்பைக்கு இவ்வளவு கிட்டத்தில் நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும்! முதல் தேசியப் போட்டிக்கும் இதற்கும் நடுவே பதினாறு வருடம். அதற்குள் எத்தனையோ அணிகள் கலைந்துபோய்விட்டன. இவர் இதே ஊரில் வகுப்பெடுத்துக்கொண்டு, மாலையில் கல் விட்டுக்கொண்டு, இரண்டாம் தடவையாக இறுதிக்கு வந்திருக்கிறார். பட்டம் இல்லாவிட்டாலும் இதைப் பெரிய ஆட்டவாழ்க்கை என்றுதான் சொல்வேன்.

பிப்ரவரி 9, புதன்

கிளப் திறந்தபின் இன்றுதான் போனேன். மாஸ்க், பாதிக் கூட்டம். அந்த அம்மாவும் வந்திருந்தார். தோற்றதைப் பற்றி ரெண்டு பேருமே பேசவில்லை. வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று, பிரஷ்ஷைப் பனியில் ஊன்றி, "இங்கே விடு" என்று காட்டினார். முதல் கல் நிற்காமல் தாண்டிப் போயிற்று. இரண்டாவது, பிரஷ்ஷுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.