ரசீதின் பின்புறம் இருந்த வரி

உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில்லில் ஒட்டியிருந்த "பழுது" என்ற தாளின் ஓரங்கள் இன்று மஞ்சளேறிச் சுருண்டிருந்தன. ஆண்டுச் சந்தா வாங்கும்போது அறிமுகப்படுத்திய பயிற்சியாளரும் அங்கே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்ட ஒருவரிடம், ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த "கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரியைத்தான் வரவேற்பாளர் சுட்டிக்காட்டினார்.

அதையே தீர்ப்பாக எண்ணிப் பலரும் திரும்பிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

நுகர்வோர் குறைதீர்க்க வழி வேண்டும் என்று ஐ.நா. 1985-லேயே வழிகாட்டு நெறிகளை வகுத்தது. இத்தகைய ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைச் செல்லாதவையாக்கப் பல நாடுகளின் சட்டங்களில் இடமுண்டு.

எனவே வாய்ப்பேச்சோடு நின்றுவிடாமல், வாக்களித்த விளம்பரத்தையும் பழுதான கருவியின் படத்தையும் தேதியோடு இணைத்து, எஞ்சிய மாதங்களுக்கான தொகையை எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள், நுகர்வோர் மன்றத்தில் அதுவும் சான்றாகும்.