நீலகிரி நெட்டைக்காலியின் வரைபடத்தில் புல் எங்கே?

நீலகிரி நெட்டைக்காலி மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிப் புல்வெளிகளுக்கே உரிய பறவை. நீலகிரி, ஆனைமலை, மூணாறு, பழனி மலை என்று அதன் உலகம் முடிந்துவிடுகிறது. அதற்கேற்ற வாழிடத்தைக் கணிக்கும் வரைபடங்கள் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: தட்பவெப்பத்தைப் பார்க்கிறார்கள், தரையில் புல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

பறவை ஆர்வலர்கள் பார்த்ததைப் பதியும் இணையதளமான இ-பேர்டிலிருந்து பதிவுகளை எடுத்து, வாழிடத்தைக் கணிக்கும் மென்பொருளான மேக்ஸென்டில் அப்படியே போடாதீர்கள். வயல் நெட்டைக்காலியோடு குழப்பம் உண்டு. விலாவில் கோடுகள் இருந்து, தாடையோரக் கோடு இல்லாததுதான் நம் பறவை. பல கிலோமீட்டர் நடந்தெழுதிய பட்டியலின் புள்ளி சாலையில் விழுந்திருக்கும், நீக்கிவிடுங்கள். 1 கி.மீ. கட்டத்துக்கு ஒரு பதிவு போதும். இல்லையென்றால் ஊட்டியைச் சுற்றி ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதைத்தான் மென்பொருளின் கணிப்பு மாதிரி கற்றுக்கொள்ளும்.

பதிவுகளோடு ஒப்பிட எடுக்கும் பின்னணிப் புள்ளிகளும் மலை மேலிருந்தே வரட்டும். கோவைச் சமவெளியைச் சேர்த்தால் கணிப்பின் திறனைக் காட்டும் ஏயூசி மதிப்பெண் அழகாக உயரும். மலை வேறு, சமவெளி வேறு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லியிருக்காது. சரிபார்க்க, பழனி மலையை முழுதாக ஒதுக்கிவைத்து மற்ற மலைகளில் மாதிரியைப் பயிற்றி, பழனியில் சோதியுங்கள்.

வேர்ல்ட்கிளிம் என்ற தட்பவெப்பத் தரவு அடுக்கின் 1 கி.மீ. பிக்சலுக்குள் இங்கே சில நூறு மீட்டர் உயரம் ஏறியிறங்கும். உயரத்துக்கும் சரிவுக்கும் 30 மீட்டர் பிக்சல் கொண்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு வேண்டும்.

புல்லைப் பிரிக்க சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஜனவரி, பிப்ரவரிப் படங்களே சிறந்தவை. உறைபனியில் புல் கருகிப் பழுத்திருக்கும், புல்வெளியை ஆக்கிரமிக்கும் அயல் மரமான சீகை (வாட்டில்) பச்சையாகவே நிற்கும். மழைக்காலத்தில் எல்லாமே பச்சை, மேகம் வேறு. ஜனவரி, பிப்ரவரிப் படத்திலும் அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்கள் காய்ந்த புல்போலத் தெரியும். இன்னொரு பருவத்தின் படத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

தட்பவெப்பம் பொருந்தியும் சீகை நிற்கிற இடத்தையெல்லாம் வெட்டி மீட்கலாம் என்று வனத்துறையிடம் வரைபடத்தை நீட்டுவது ஆபத்து. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும்; முதிர்ந்த மரத்தை வெட்டி வெயில் விழுந்ததும் கன்றுகள் அடர்ந்து முளைக்கும். பழைய சீகைத் தோட்டங்களுக்கடியில் இயற்கையான சோலைக்காட்டு மரக்கன்றுகளும் வளர்கின்றன, அவையும் அழியும். புல்வெளி விளிம்பில் சீகைக்கன்று சிதறலாக நுழையும் இடங்களே முதலிடம் பெறவேண்டும். அங்கே புல் இன்னும் உயிரோடிருக்கிறது, கன்றைக் கையால் பிடுங்கலாம். தனிக்கன்று 10 மீட்டர் பிக்சலில் தெரியாது. அந்த விளிம்புகளை ஜிபிஎஸ்ஸோடு நடந்தே குறிக்கவேண்டும்.