வேறு கட்சிகளின் வாசல் வழியாக

2021ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள்களில் ஜெருசலேமில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இஸ்ரேல் நாடாளுமன்றமான கெனெசெட்டில் பணியாற்றிய, மதநெறி வழுவாத யூதப் பெண் உறுப்பினர்களின் உரைகளை அவைக்குறிப்புகளிலிருந்து தொகுப்பதும், பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கவனித்ததை எழுதிக்கொடுப்பதும் என் வேலை. முதல் மாதம் நான் தயாரித்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓய்வுநாளைப் பற்றியவை. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை தொலைபேசியைத் தொடாத, வண்டியில் ஏறாத ஒரு பெண் எப்படி அரசியல் செய்கிறார் என்பதே எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

அந்தக் கேள்விகள் பெரும்பாலும் பயன்படவில்லை. கெனெசெட் வழக்கமாகக் கூடுவது திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாள்களில்தான். பஸ்கா பண்டிகைக்கும் இலையுதிர்காலப் பண்டிகைகளுக்கும் அதற்கு விடுமுறை. சமையலறை கோஷர் எனப்படும் யூத உணவு விதிப்படி நடக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு தொழுகைக்கூடமும் உண்டு. மதத்தில் நாட்டமில்லாத உறுப்பினரும் அந்த நாள்காட்டியின்படியே நடக்கிறார். நெறி பேணும் பெண்ணுக்குத் தடையாக நிற்பது வேட்பாளர் பட்டியல் என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

இஸ்ரேலில் தொகுதிகள் கிடையாது. நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலுக்கு வாக்களிக்கிறார். 120 இடங்களும் விகிதப்படி பிரிகின்றன. ஆகவே ஒருவர் உறுப்பினராவாரா என்பது, பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவதாக எழுதப்பட்டது என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த எண்ணை எழுதும் கை மதக் கட்சிகளில் நெடுங்காலமாக ஆண்களுடையதாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்தத் தகராறு நாட்டைவிட மூத்தது. 1920இல் பாலஸ்தீன யூதர்களின் முதல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் நடந்தபோது, பெண்கள் வாக்களிப்பதையே யூத மதகுருவான ரபி ஆபிரகாம் ஐசக் கூக் எதிர்த்தார். ஜெருசலேமின் தீவிர மரபினருக்குத் தனிச் சாவடிகள் அமைத்து, அங்கே ஆண்கள் மட்டும் வாக்களிக்க, ஒவ்வொரு வாக்கும் இரண்டாக எண்ணப்பட்டது. பின்னாளில் தலைமை ரபியான பென்சியோன் ஊசியேல், பெண் வாக்களிக்கலாம், தேர்ந்தெடுக்கவும் படலாம் என்று தீர்ப்பு எழுதினார். எதிர்த்தவர்கள் காட்டிய மேற்கோள்களுள் ஒன்று 45ஆம் சங்கீதத்தின் வரி. தமிழ் விவிலியம் அதை ‘ராஜகுமாரத்தி உள்ளாகப் பூரண மகிமையுள்ளவள்’ என்று தருகிறது. அந்த ‘உள்ளாக’ என்ற ஒரு சொல்லை வீட்டுக்குள் என்று படித்தவர்கள் எத்தனை தலைமுறைப் பெண்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அதே வேதத்தில்தான் தெபொராள் பேரீச்சமரத்தின் கீழ் அமர்ந்து இஸ்ரவேலுக்கு நியாயம் விசாரித்தாள்.

1949இல் நெறி பேணும் பெண்கள் தனிப் பட்டியலே போட்டுப் பார்த்தார்கள். ஓர் இடமும் கிடைக்கவில்லை. 1959இல் தோவா சன்ஹெத்ராய் தேசிய மதக் கட்சியின் சார்பில் உள்ளே வந்து, 1974 வரை இருந்து, அவைத் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1977 முதல் 1981 வரை சாரா ஸ்டெர்ன் கத்தான் இருந்தார். அதன்பின் அந்தக் கட்சியிலிருந்து இன்னொரு பெண் வர 2003 ஆயிற்று. அவைக்குறிப்பில் அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் புரட்டியது என் பணியிலேயே மிகவும் சோர்வூட்டிய பகுதி; நான் தேடிய பெயர் அக்குறிப்புகளின் எந்தத் தொகுப்பிலும் இல்லை.

பின்னர் வந்தவர்களில் பலர் வேறு கட்சிகளின் வாசல் வழியாக வந்தவர்கள். ட்சிபி ஹொத்தொவெலி லிக்குத் வழியாகவும், அலிசா லாவி எஷ் அத்தித் வழியாகவும், ராகேல் அசாரியா குலானு வழியாகவும் வந்தார்கள். ஹரேதி எனப்படும் தீவிர மரபினரின் கட்சிகளிலிருந்து ஒரு பெண்கூட இன்றுவரை உறுப்பினரானதில்லை. 2008இல் முதல் ஹரேதிப் பெண் உறுப்பினரான ட்ஸ்வியா கிரீன்ஃபீல்டை அனுப்பியது இடதுசாரி மெரெட்ஸ். 2020இல் முதல் ஹரேதிப் பெண் அமைச்சரான ஓமெர் யான்கெலெவிச் நீல வெள்ளைக் கட்சியைச் சேர்ந்தவர்.

அவர்கள் உள்ளே இருப்பதால் என்ன மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை. 1953ஆம் ஆண்டின் சட்டப்படி யூதர்களின் திருமணமும் மணமுறிவும் ரபி நீதிமன்றங்களின் கையில் இருக்கின்றன. நீதிபதிகள் அனைவரும் ஆண்கள். கணவன் விடுதலைப் பத்திரம் கொடுக்க மறுத்தால் மனைவி ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடக்க நேரிடும். அந்த நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பதினொருவர் குழுவில் நால்வரேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியை முன்னெடுத்தவர்கள் அலிசா லாவியும் யூத இல்லம் கட்சியின் ஷூலி முவாலெமும். ஒருவர் மையவாதக் கட்சி, மற்றவர் மதக் கட்சி. இருவரும் நெறி பேணும் உலகை உள்ளிருந்து அறிந்தவர்கள்.

நாங்கள் நேர்கண்டவர்களில் முன்னாள் உறுப்பினர் ஒருவரை நான் மறக்க மாட்டேன். எபிரேயத்தில் மரியாதைப் பன்மை இல்லை. எல்லாரும் அவரை முதல் பெயரால் ‘நீ’ என்றே அழைத்தார்கள். எனக்கு மட்டும் கடைசி வரை அது நாவில் வரவில்லை. தொழுகைக்கூடத்தைப் பற்றி அவர் ஒன்று சொன்னார். பத்து ஆண்கள் சேர்ந்தால் கூட்டுத் தொழுகை நிறைவாகும். பெண் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அந்த நெறியை அவர் மனதார ஏற்றிருந்தார். ஆனால் பிற்பகல் தொழுகை முடிந்து வெளியே வரும் ஆண்கள் அங்கேயே பேசித் தீர்த்த முடிவோடு வருவார்கள் என்பதும், குழுக்கூட்டத்தில் தாம் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதும் அவரை வருத்தின.

ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் பேசியது வேறொன்று. நெறி பேணும் மணமான பெண்ணுக்கு மாதத்தில் ஓரிரவு உண்டு. அன்று அவள் நீராட்டுக்குளத்தில் மூழ்கி எழ வேண்டும். அந்த இரவு தள்ளிப்போடத் தக்கதன்று. யாரிடமும் சொல்லத் தக்கதுமன்று. வாக்கெடுப்பு நள்ளிரவு வரை நீளும் நாளில் அது வந்தால், தமக்கு ஈடாக எதிரணியிலும் ஒருவர் வாக்களிக்காமல் இருக்கப் பேசித் தரும்படி கொறடாவிடம் போய் நிற்க வேண்டும். காரணம் கேட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் என்பாராம். பொய் சொல்வதை நெறி விலக்குகிறது, மறைபொருளை வெளியிடுவதையும் விலக்குகிறது, இரண்டுக்கும் நடுவே அந்த நடைகூடத்தில் தனியாக நின்றேன் என்றார். அவர் இசைவோடுதான், யாரென்று தெரியாதபடி, இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 6 அன்று, பஸ்கா நாள்களில் விலக்கப்பட்ட புளித்த மாவுப் பண்டத்தை மருத்துவமனைகளுக்குள் கொண்டுவரும் பிரச்சினையை முன்வைத்து, ஆளும் கூட்டணியின் கொறடாவாயிருந்த, யாமினா கட்சியின் நெறி பேணும் பெண் உறுப்பினர் இதித் சில்மான் விலகினார்; 61 பேரின் ஆதரவு 60 ஆகக் குறைந்து, கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. அவர் செய்தது சரியா என்பதில் எனக்கும் என் மேற்பார்வையாளருக்கும் ஒத்த கருத்து இருக்கவில்லை. ஆனால் அந்த வாரம் நான் திரட்டிய செய்திகளில் எத்தனையோ அவர் கணவர் என்ன நினைத்தார் என்பதைப் பேசின. அதே கட்சியில் முந்தைய ஆண்டே அரசுக்கு எதிராக வாக்களித்த அமிகாய் சிக்லியின் மனைவி என்ன நினைத்தார் என்று கேட்ட செய்தி என் கோப்பில் ஒன்றுகூட இல்லை.

திட்டம் முடியும் தறுவாயில் கேள்விப் பட்டியலைத் திருத்தி எழுதினோம். ஓய்வுநாள் கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. முதல் கேள்வி, ‘பட்டியலில் உங்கள் இடத்தை யார் எழுதினார்கள்?’ என்பது. அந்த முன்னாள் உறுப்பினரிடம் அதைக் கொண்டுபோனபோது, தம்மை வெற்றிபெறும் இடத்தில் எழுதியவர்களின் பெயர்களையும், அடுத்த தேர்தலில் தம்மைக் கீழே இறக்கியவர்களின் பெயர்களையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் எழுதித் தந்தார். இரண்டு பக்கங்களிலும் இருந்தவை அதே பெயர்கள்.