கூச்சிங்கில் ஒரு துண்டுச்சீட்டு

29 ஆகஸ்ட் 2024, ஜெலுத்தோங், பினாங்கு

இரவு மகன் கூச்சிங்கிலிருந்து போன் செய்தான், அது போர்னியோத் தீவில் இருக்கிற நம் மலேசியாவின் சரவாக் மாநிலத்து ஊர். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் கம்பெனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால், பினாங்கில் பிறந்த பையன் சரவாக்கில் வேலை செய்ய பெர்மிட் எடுக்கணும் என்பது என் காதில் விழவே இல்லை. "உள்நாட்டில் எதுக்குடா பெர்மிட்? நீ என்ன வங்காளதேசத்திலிருந்தா போயிருக்கே?" என்று கத்திவிட்டேன். அவன் சிரித்தான். "அப்பா, நீங்க அடுத்த மாசம் வரும்போது உங்களுக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பாங்க, 90 நாள் தங்கலாம்னு" என்றான். இதில் அவனுக்கு என்ன சிரிப்போ.

31 ஆகஸ்ட்

காலையிலேயே மாடியில் கொடி கட்டியாச்சு. 67வது மெர்டேக்கா, விடுதலை நாள். மகனுக்குப் பக்கத்து மேஜையில் ஈபான் பையன் ஒருத்தன் (சரவாக்கின் பூர்வகுடி), நல்ல பிள்ளை, வீடியோ காலில் வந்தான். வாழ்த்து சொன்னேன். "அங்கிள், இன்றைக்கு உங்க நாள், எங்க நாள் 16ஆம் தேதி" என்றான், மரியாதையாகத்தான். முதலில் முகம் சுருங்கியது. யோசித்தால் அவன் சொன்னது சரி. 1957இல் மலாயாவுக்கு, அதாவது நம் தீபகற்பத்துக்குத்தான் விடுதலை, அன்றைக்கு சரவாக் பிரிட்டிஷ் காலனி. அவர்கள் நம்மோடு சேர்ந்தது 1963 செப்டம்பர் 16. அந்த நாளுக்கு நாடு முழுக்க விடுமுறை விட்டதே 2010இல்தான். 47 வருஷம் யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கும்.

3 செப்டம்பர்

கடைத்தெரு தே தாரிக் (ஆற்றின பால் தேநீர்) கடையில் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், வயது எண்பதுக்கு மேல். பெர்மிட் கதையை அவரிடம் புலம்பினேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, பினாங்கே ஒரு காலத்தில் தனியாகப் போகிறேன் என்று நின்ற ஊர், தெரியுமா?" என்றார்.

கொஞ்சம் தெரியும், முழுதாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்தேன். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் முன்பு பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றங்கள், மலாய் சுல்தான்களின் மாநிலங்கள் வேறு. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு வந்தபோது பினாங்கை அதில் சேர்த்தார்கள். இங்கே இருந்த வியாபாரிகளுக்குப் பயம்: சுங்கவரி இல்லாத துறைமுகம் போய்விடுமோ, பிரிட்டிஷ் பிரஜை என்ற அந்தஸ்து போய்விடுமோ என்று. அந்த டிசம்பரில் கூடிப் பேசி ஒரு பிரிவினைக் குழு அமைத்தார்கள். ஐரோப்பியர், சீனர், நம் இந்திய வர்த்தகர்கள் எல்லாரும் அதில் உண்டு. 1949 பிப்ரவரியில் இங்குள்ள மன்றத்தில் தீர்மானம் வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 15. லண்டனுக்கு மனு போட்டும் 1951இல் முடியாது என்று பதில் வந்துவிட்டது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. கேட்டவர்கள் எல்லாம் கிடங்கும் கடையும் வைத்திருந்தவர்கள். அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கின என் தாத்தாவிடம் 'உனக்கு எது வேணும்' என்று ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற அந்தப் பெருமையும் 1969இல் போய்விட்டது.

7 செப்டம்பர்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை அடிப்பிடித்துவிட்டது. பழி என் மேல். இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

10 செப்டம்பர்

நாற்பது வருஷம் கணக்கு எழுதினவன் நான், எதையும் எண்ணிப் பார்க்காமல் தூக்கம் வராது. மலேசியா உருவானபோது நாடாளுமன்றத்தில் 159 இடங்கள். மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, அதே போர்னியோவில் இருக்கிற சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. அதாவது பின்னால் சேர்ந்த மூவருக்கும் மொத்தம் 55, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேணும் இல்லையா, அப்போ அவர்கள் மூவரும் சேர்ந்து மாட்டேன் என்றால் மாட்டேன்தான். 1965இல் சிங்கப்பூர் போனது. அந்த 15 இடத்தை சபா, சரவாக்குக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. மீதி 40, அந்தப் பூட்டு உடைந்தது. இப்போது 222இல் சபாவுக்கு 25, சரவாக்குக்கு 31. மூன்றில் ஒரு பங்கு கொடு என்று அவர்கள் இன்னும் கேட்பதைப் பேராசை என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

1976இல் இன்னொன்று நடந்தது. அதற்கு முன் அரசியலமைப்பில் மலாயா மாநிலங்கள் தனி, போர்னியோ மாநிலங்கள் தனி என்று எழுதியிருந்தது. திருத்தி 13 மாநிலங்களையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டார்கள், ஜொகூர், கெடா என்று தொடங்கி. கூட்டாளியாக வந்தவன் பேரைப் பதிவேட்டில் வேலையாள் பேரோடு சேர்த்து எழுதின மாதிரி. 2019இல் மாற்றப் பார்த்தார்கள், 138 ஓட்டுதான் விழுந்தது, தேவை 148. 2021 டிசம்பரில்தான் 199 ஓட்டோடு பழைய பிரிவு திரும்ப வந்தது.

அந்தத் துண்டுச்சீட்டு விஷயமும் இதில்தான் வருகிறது. யார் உள்ளே வரலாம் என்பதை எங்கள் கையில் விடுங்கள் என்பது அவர்கள் சேரும்போதே போட்ட நிபந்தனை. சபா 20 அம்சம் கேட்டது, சரவாக் 18. சபாவில் கெனிங்காவ் என்ற ஊரில் இப்படிப்பட்ட வாக்குகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், சத்தியக் கல் என்று பேர்: மதச் சுதந்திரம், நிலம் சபா அரசின் கையில், அவர்கள் வழக்கத்துக்கு மதிப்பு. பதிலுக்கு அரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்ற வாக்கு. காகிதத்தை நம்பாமல் கல்லில் எழுதினவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அதிகாரத்தை வைத்துப் பிடிக்காத அரசியல்வாதிகளை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியதும் உண்டு, அதைச் சத்தியத்தில் சேர்க்க முடியாது.

மகனிடம் போன் செய்து, அன்றைக்குக் கத்தினது தப்பு என்றேன். "எதைப் பத்தி?" என்றான்.

14 செப்டம்பர்

பயணத்துக்காக ஐசி (அடையாள அட்டை) தேடினபோது பிஸ்கட் டின்னில் அப்பாயியின் சிவப்பு ஐசி கிடைத்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. பிளாஸ்டிக் உறை ஓரம் மஞ்சளாகிப் பிரிந்திருக்கிறது. கட்டைவிரல் ரேகை மட்டும் தெளிவாக இருக்கிறது, பால்மரம் வெட்டின விரல். இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லித் தர ஆளும் இல்லை. குடிமக்களுக்கான நீல ஐசி வராமலே 1998இல் போய்ச் சேர்ந்தார். ஒருமுறை கூட ஓட்டுப் போட்டதில்லை.

சபாக்காரர்களும் சரவாக்காரர்களும் நிலத்தைக் காட்டி இது எங்களுடையது, இன்ன நிபந்தனைக்குத்தான் வருவோம் என்று பேச முடிந்தது. அப்பாயி எதைக் காட்டுவார்? "நம்ம ஊரு" என்று அவர் கடைசி வரை சொன்ன தோட்டத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். ஒரு இனம் தன் வழியைத் தானே முடிவு செய்யலாம் என்று பெரிய பெரிய மேடைகளில் சொல்கிறார்கள். நிலம் இல்லாமல் சிதறிக் கிடக்கிற இனத்துக்கு அதன் அர்த்தம் என்ன என்று யாராவது உட்கார்ந்து பேசினார்களா? எனக்குப் பதில் தெரியவில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

ஐசியைத் துடைத்து மறுபடி டின்னிலேயே வைத்துவிட்டேன்.

16 செப்டம்பர்

ஈபான் பையனுக்கு இந்த முறை நானே முந்தி வாழ்த்து அனுப்பினேன். அவன் பாட்டியின் நீளவீட்டில் எடுத்த படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான். வாசலில் கொடி இரண்டு, சரவாக் கொடி கொஞ்சம் பெரிசு.

நாளை மதியம் பாயான் லெபாஸில் விமானம். முறுக்கு இரண்டு டின், மாங்காய் ஊறுகாய், மகன் கேட்ட ஜாதிக்காய். வீட்டுக்காரிக்குப் பாஸ்போர்ட் போன வருஷமே காலாவதி, அதிலேயே காலையிலிருந்து ஒரே புலம்பல். மைகாட் (இப்போதைய ஐசி) போதும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். "அந்தச் சீட்டை நீங்க தொலைச்சிடுவீங்க, என் கைப்பையில் கொடுத்துடுங்க" என்கிறாள். 90 நாளாம். எங்களுக்கு 5 நாள் போதும், அதற்குமேல் பூனைக்கு யார் சோறு வைப்பது.